முட்டி வலித்தால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறவர்களுக்கு



இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பழைய புதுச்சேரியைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை கொஞ்சம் கோபமாக ஒரு விஷயம் எழுதப் போகிறேன். கோபத்தில் பாதி என் மேலேயே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பேத்திக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூட அணியில் பாஸ்கெட்பால் ஆடுகிறாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அப்படி இறங்குவது இந்த வீட்டில் நான் ஒருவன்தான். என்னம்மா என்று கேட்டேன். "முட்டிச் சில்லைச் சுத்தி வலிக்குது தாத்தா. படி இறங்கும்போது ரொம்ப. கிளாஸ்ல ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்துட்டு எழுந்தாலும் வலிக்குது" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் கூட்டம் கூடியது. மகன், மருமகள், நான். ஐந்தே நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது: பத்தாம் வகுப்பு வேறு வருகிறது, ஆட்டத்தை நிறுத்திவிடலாம். முன்மொழிந்தவன் நான். முப்பத்தாறு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு, ஒரு பிரச்சினை வந்தால் கோப்பை மூடுவதுதான் முதலில் தோன்றும். குழந்தை ஒன்றும் பேசவில்லை. தன் ஷூவை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பரணில் வைத்துவிட்டுப் போய்ப் படித்தாள்.

மறுநாள் முத்தியால்பேட்டையிலிருந்து என் அக்கா போன் செய்தாள். அக்காவுக்கு எழுபத்தேழு வயது. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்: "என்னை நிறுத்தினப்போ நீயும் பக்கத்துலதான் நின்னே தம்பி. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஆனால் அறுபது வருஷத்துக்கு மேலாக நினைக்கவும் இல்லை.

அது 1962. நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது. பையன்கள் எல்லாருக்கும் பிரெஞ்சுப் பள்ளியில் 'ழிம்' வகுப்பு கட்டாயம். முசியே விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களை ஓட்டி எடுப்பார். அக்கா கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்தாள். அந்தப் பள்ளியில் நூறு மீட்டரில் அவளை முந்த ஆள் கிடையாது. நான் பையன்தான், என்னாலும் முடியாது. அந்த வருஷம் அவளுக்கு முட்டி வலி வந்தது. அப்பா ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போனார். அவர் எண்ணெய் கொடுத்தார், கட்டுப் போட்டார், ஓடக் கூடாது என்றார். எத்தனை நாளைக்கு என்று அக்கா கேட்டாள். அப்பா பதில் சொன்னார்: "பொட்டப் புள்ளைக்கு முட்டி போனா எவன் கட்டுவான்?" அதோடு முடிந்தது. அதே வருஷம் கால்பந்தில் என் கணுக்கால் சுளுக்கிப் பத்து நாள் நொண்டினேன். பதினோராம் நாள் அப்பாவே மைதானத்தில் கொண்டுபோய் விட்டார்.

இப்போது அக்காவின் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. ஓடாமலேயே தேய்ந்தன. பாத்திரம் தேய்த்து, தரையில் உட்கார்ந்து எழுந்து, தண்ணீர்க் குடம் தூக்கித் தேய்ந்தன. அந்த வேலைக்கெல்லாம் "முட்டி போய்விடும், நிறுத்து" என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அக்கா போனை வைத்த பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பேத்தியை ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மையாரிடமும் அழைத்துப் போனோம். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

குழந்தையை உயரமான கட்டிலில் கால் தொங்க உட்கார வைத்தார். கண்ணைத் துணியால் கட்டினார். காலைப் பிடித்து ஒரு கோணத்துக்கு நீட்டிச் சில வினாடி நிறுத்தினார். பழைய இடத்துக்கே இறக்கினார். "இப்ப நீயே அதே இடத்துக்குக் கொண்டு வா" என்றார். குழந்தை கொண்டு வந்தாள். கோணமானியை வைத்து அளந்தார். வலிக்காத காலில் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். வலிக்கிற காலில் ஒவ்வொரு முறையும் ஏழு, எட்டு டிகிரி. குழந்தைக்கோ சரியாக வைத்துவிட்டதாகத்தான் நினைப்பு! வேடிக்கை பார்த்த எனக்கும் கட்டிப் பார்த்தார். என் கணக்கை இங்கே எழுதப் போவதில்லை. வயதானால் இது குறையும் என்று ஆறுதல் சொன்னார்.

இதற்கு மூட்டு நிலை உணர்வு என்று பெயர். கண்ணால் பார்க்காமலே நம் மூட்டு எந்த இடத்தில், எவ்வளவு மடங்கி இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிவது. கரண்டு போன இருட்டில் மாடிப்படி இறங்குகிறோமே, அது இதை வைத்துத்தான். நம் ஊரில் சாயங்காலம் பெத்தாங் ஆடுகிறவர்களைப் பாருங்கள். கண் தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டின் மேல் இருக்கும். முழங்கையையோ முட்டியையோ ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆனாலும் எவ்வளவு மடக்க வேண்டும் என்று அவை அறியும்.

இந்த உணர்வு எங்கிருந்து வருகிறது? தசைகளுக்குள்ளே, தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று கவனிக்கும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. தசைநாண்களிலும், எலும்பை எலும்போடு கட்டும் தசைநார்களிலும், மூட்டைச் சுற்றிய உறையிலும், தோலிலும்கூட இப்படி உண்டு. அவை இடைவிடாமல் முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் தபால் அனுப்புகின்றன. சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் இதற்கு 1906-இல் அறிவியல் பெயர் வைத்தார். அவருக்குப் பின்னாளில் நோபல் பரிசும் கிடைத்தது.

என் தொழில் பாஷையில் சொன்னால், தபால் பிரிவு ஒழுங்காக இருந்தால்தான் அதிகாரி சரியான உத்தரவு போட முடியும். மூட்டு வலித்தாலும் வீங்கினாலும் தசை களைத்தாலும் தபால் தாமதமாகும், அல்லது தப்பாக வரும். துள்ளிப் பந்தைப் போட்டுவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும் பெண்ணுக்கு உத்தரவு வந்து சேர அரை வினாடிகூடக் கிடையாது. அதற்குள் முட்டி உள்பக்கமாகச் சரிந்தால் சில்லு சரியான பாதையில் ஓடாது. அது தினம் நூறு தடவை நடந்தால் வலி. ஒரு தடவை மோசமாக நடந்தால் முட்டிக்குள்ளே இருக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்து போகலாம்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். முட்டி வலிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். சில்லைச் சுற்றி வலி உள்ளவர்களிடம் இந்த உணர்வு குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சில ஆய்வுகள் வித்தியாசம் காணவில்லை. தொடைத் தசையும் இடுப்புத் தசையும் வலுவில்லாமல் இருப்பது, திடீரென்று பயிற்சியைக் கூட்டுவது, சிமெண்டுத் தரை, தேய்ந்த ஷூ எல்லாமே சேரும். என் பேத்தியின் விஷயத்தில், போட்டி வருகிறது என்று வாரம் மூன்று நாள் பயிற்சியை ஆறு நாளாக்கியிருந்தார்கள். அதை வீட்டுக் கூட்டத்தில் நாங்கள் ஒருவரும் கேட்கவே இல்லை.

இனி என் சண்டைக்கு வருகிறேன்.

முதல் சண்டை, "பெண் உடம்பு இதுக்குத் தாங்காது" என்கிறவர்களோடு. எதிர்வீட்டு அம்மாள் முதல் கோச் வரை எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள் புள்ளிவிவரமும் சொல்வார்கள். புள்ளிவிவரம் உண்மைதான். பாஸ்கெட்பால், கால்பந்து போன்ற ஆட்டங்களில் அந்தத் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். சில்லைச் சுற்றிய வலியும் பெண்களுக்கே அதிகம். இதிலிருந்து என்ன முடிவுக்கு வர வேண்டும்? பெண்களுக்குப் பயிற்சி இன்னும் கவனமாகக் கொடுக்க வேண்டும் என்றா, பெண்கள் ஆடக் கூடாது என்றா? ஒரு தெருவில் அடிக்கடி விபத்து நடந்தால் வேகத்தடை போடச் சொல்லி மனு கொடுப்போம். தெருவில் இருப்பவர்களை வீட்டைவிட்டு வெளியே வராதே என்று சொல்ல மாட்டோம்.

இந்த வாதம் புதிதல்ல. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் நவீன ஒலிம்பிக்கை உருவாக்கிய பியேர் தெ குபெர்த்தேனைத் தெய்வம் மாதிரி சொல்லிக்கொடுத்தார்கள். அவர் பெண்கள் ஒலிம்பிக்கில் போட்டியிடுவதைக் கடைசிவரை எதிர்த்தவர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவருடைய நாட்டுக்காரியே ஆன அலிஸ் மிய்யா என்ற பெண்மணி 1921-இல் பெண்களுக்கென்று ஒரு சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கி, 1922-இல் பாரிஸில் தனிப் போட்டியே நடத்திக் காட்டினார். அவர் பெயரை எங்கள் முசியே ஒருவரும் உச்சரித்ததில்லை. நான் கேள்விப்பட்டதே எழுபது வயதுக்கு மேல்தான்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் முதல்முறையாகப் பெண்களை ஓட்டப் பந்தயங்களில் சேர்த்தார்கள். 800 மீட்டர் முடிந்ததும் பெண்கள் மயங்கி மயங்கி விழுந்ததாகப் பத்திரிகைகள் ஊதி எழுதின. அது மிகைப்படுத்தல் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் அந்தப் பந்தயத்தைப் பெண்களுக்கு எடுத்துவிட்டார்கள். திரும்பக் கொடுத்தது 1960-இல், ரோமில். முப்பத்திரண்டு வருஷம்! ஓடி முடித்து ஆண்கள் தரையில் விழுந்தால் வீரம், பெண்கள் விழுந்தால் தடை. 1962-இல் எங்கள் வீட்டில் அப்பா சொன்னது இதன் தமிழ்ப் பதிப்புதான்.

இரண்டாவது சண்டை, "ஓய்வு எடு" என்ற இரண்டு வார்த்தையோடு அனுப்பிவிடும் வைத்தியத்தோடு. நாங்கள் முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். வலி மாத்திரை எழுதினார், முட்டிக்கு மாட்டும் எலாஸ்டிக் உறை வாங்கச் சொன்னார், ஆறு வாரம் ஓய்வு என்றார். ஆறு வாரம் கழித்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வலியைக் கிளப்பும் வேலையைக் குறைப்பது சரி. ஆனால் ஆறு வாரம் சும்மா உட்கார்ந்தால் தொடைத் தசை இளைக்கும், உணர்வும் மழுங்கும். பிறகு பழைய வேகத்தில் ஆட இறங்கினால் வலி திரும்ப வரும். அப்போது "பார்த்தியா, சொன்னேனே" என்போம். இந்த வகை வலிக்கு இடுப்பையும் தொடையையும் வலுவாக்கும் உடற்பயிற்சிதான் முதன்மையான வைத்தியம் என்று மருத்துவ வழிகாட்டிகளே சொல்கின்றன. எலாஸ்டிக் உறையை நான் முழுக்கப் பழிக்கவில்லை. தோலை அணைத்துப் பிடிப்பதால் கொஞ்சம் உணர்வு கூடும் என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் உறை பயிற்சிக்குத் துணையாகலாமே தவிர அதற்குப் பதிலாகாது.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். முட்டி வீங்கினாலோ, பூட்டினது மாதிரி நீட்ட முடியாமல் நின்றாலோ, நடக்கும்போது காலை வாரிவிட்டாலோ, விழுந்த நேரம் உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டாலோ, இரவில் தூக்கம் கெடுகிற அளவுக்கு வலித்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். அங்கே என் வியாக்கியானம் உதவாது.

மூன்றாவது சண்டை, நம் பள்ளிகளோடும் கோச்சுகளோடும். மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடச் சொல்லிவிட்டு, உடனே பந்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். துள்ளிக் குதிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எப்படித் தரையில் இறங்குவது என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? ஸ்வீடனில் 12 முதல் 17 வயது வரை கால்பந்து ஆடும் 4,564 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2012-இல் வெளியிட்டார்கள். பாதிக்குச் சற்று மேலான பெண்களுக்கு ஆட்டத்துக்கு முன் 15 நிமிடம், வாரம் இரண்டு நாள், ஆறு பயிற்சிகள். ஒற்றைக் காலில் நின்று மெதுவாக மடங்குவது, இரண்டு காலில் மடங்குவது, படுத்து இடுப்பைத் தூக்குவது, முழங்கையில் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துவது, ஒரு காலை முன்னே வைத்துத் தாழ்வது, குதித்துச் சரியாக இறங்குவது. அவ்வளவுதான். மற்றவர்கள் வழக்கம்போல் ஆடினார்கள். ஒரு பருவம் முடிந்ததும் பார்த்தால் பயிற்சி செய்த கூட்டத்தில் தசைநார் அறுந்தவர்கள் 7 பேர், செய்யாத கூட்டத்தில் 14 பேர். கணக்குப் போட்டால் 64 சதவீதம் குறைவு.

அதற்கு என்ன செலவானது? மெஷின் வாங்கவில்லை. ஏ.சி. ஜிம் கட்டவில்லை. நம் ஊர் வழக்கப்படி சொன்னால் டெண்டர் தேவையில்லை, நிதித்துறை ஒப்புதல் தேவையில்லை, கோப்பே தேவையில்லை. பதினைந்து நிமிடமும், முட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க ஒரு ஆளும் போதும். "முட்டி பாதத்துக்கு நேரா இருக்கணும், சத்தம் வராம இறங்கு" என்று சொல்லத் தெரிந்தால் போதும். இதைக்கூடச் செய்யாத பள்ளிக்கூடம், முட்டி வலிக்கிறது என்று வந்த பெண்ணிடம் "உனக்கு ஸ்போர்ட்ஸ் ஒத்து வராது" என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

"அடிபட்டால் திரும்ப வர முடியுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டை முட்டிக் காயத்தோடு ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனதைத் தொலைக்காட்சியில் நாம் எல்லாரும் பார்த்தோம். 2018 ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கினார். 2023-இல் முட்டியில் அறுவை சிகிச்சை. 2024-இல் பாரிஸ் இறுதிச் சுற்று வரை போனார். எடைத் தட்டில் நூறு கிராம் கூடி வெளியேற்றப்பட்டது வேறு கதை. முட்டி அவரைத் தோற்கடிக்கவில்லை.

என் பேத்தி இப்போது வீட்டுக் கூடத்தில் தினமும் பயிற்சி செய்கிறாள். ஒற்றைக் காலில் நிற்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். கீழ்ப்படியிலிருந்து குதித்துப் பூனை மாதிரி இறங்குவாள். முதல் மூன்று வாரம் பந்தைத் தொடாமல், பிறகு வாரம் இரண்டு நாள், இப்போது மூன்று நாள். வலி முழுக்கப் போகவில்லை, மிகவும் குறைந்திருக்கிறது. போன வாரம் அந்த அம்மையார் மறுபடி கண்ணைக் கட்டி அளந்தார். ஏழெட்டு டிகிரி, மூன்று நாலு டிகிரிக்கு வந்திருக்கிறது. இந்த வருஷப் போட்டிக்கு அவளால் போக முடியாது. அது எங்கள் தாமதத்தால் வந்த நஷ்டம். அடுத்த வருஷத்துக்கு ஷூ பரணிலிருந்து இறங்கிவிட்டது.

இதைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். தாத்தாக்கள், பாட்டிகள். நம் வீடுகளில் இன்னும் நம் வார்த்தைக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. பெண் பிள்ளை முட்டி வலிக்கிறது என்று வந்தால், நிறுத்திவிடு என்ற வார்த்தையை அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். ஒரு பையன் வந்து இதையே சொன்னால் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கேளுங்கள். ஓய்வூதியக்காரன் மனுவுக்கு ஒரு பலம் உண்டு, நாம் திரும்பத் திரும்பப் போய் நிற்போம். நமக்கு வேறு வேலை கிடையாது.

போன ஞாயிறு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். பேத்தி கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்கும் சொல்லிக் குடுடீ" என்றாள். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேத்தி இடுப்பைத் தாங்க, ஒரு காலைத் தரையிலிருந்து லேசாக எடுத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு வினாடி. "அந்தக் காலத்துல நூறு மீட்டர் ஓடின காலு" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

அறுபது வருஷத்துக்குப் பிறகு அவள் அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.